தம்பி, உன் பருவ மடலில் பிள்ளைகள் எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? தலைமையாசிரியர் உன்னிடம் ஒப்படைத்திருக்கும் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். பெற்றோருக்கு அனுப்பும் பருவ மடல், முதல் பக்கத்தில் நடந்து முடிந்தவை, இரண்டாம் பக்கத்தில் நடக்கவிருப்பவை. "ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுங்கள் அக்கா" என்று வரைவையும் அனுப்பியிருந்தாய். பார்த்தேன். எழுத்துப்பிழை அதிகம் இல்லை. ஒற்று மட்டும் அங்கங்கே விட்டுப்போயிருக்கிறது, அதைத் தனியாகக் குறித்து அனுப்புகிறேன். மற்றதைப் பொதுவில் எழுதுகிறேன். 'விழாப் பொறுப்பு' தலையில் விழுந்த ஆசிரியர் எந்தத் தொடக்கப் பள்ளியிலும் ஒருவராவது இருப்பார், அவருக்கும் உதவட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் முதல் பக்கத்தில் விருந்தினர் வருகிறார், தலைமை தாங்குகிறார், சிறப்புரை ஆற்றுகிறார், பரிசு வழங்குகிறார். தலைமையாசிரியர் வரவேற்கிறார். ஓர் ஆசிரியர் நன்றி கூறுகிறார். பிள்ளைகள்? "மாணவ மாணவியர் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்." விளையாட்டு விழாவுக்கும் அதே வரி, கண்காட்சிக்கும் அதே வரி, வாசிப்பு வாரத்துக்கும் அதே வரி. இதைப் படிக்கிற ஒரு அம்மாவுக்கு மேடையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். தன் மகள் அன்றைக்கு என்ன செய்தாள் என்பது தெரியாது. அவருக்கு வேண்டியது அதுதானே?

இது மடல் எழுதும் பாணியில் உள்ள கோளாறு மட்டும் என்று நினைக்காதே. நிகழ்ச்சியே அப்படி நடந்திருந்தால் எழுதுவதற்கு வேறு என்ன இருக்கும்?

உன் அறிவியல் கண்காட்சியை எடுத்துக்கொள். எரிமலை இருந்தது என்று எழுதியிருக்கிறாய். இருக்காதா பின்னே! தெர்மாகோலில் ஒரு மலை, உள்ளே ஒரு குப்பி, சோடா உப்பின் மேல் வினிகர் ஊற்றினால் சிவப்பு நுரை பொங்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். அந்த நுரையை எழுப்புவது கரியமில வாயு. ஒரு அமிலமும் ஒரு காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று காட்ட அது நல்ல சோதனை. நிஜ எரிமலையில் நடப்பது வேறு. பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பில் நீராவியும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, வாயு பிரிகிறது, குழம்பையும் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவது என்னவோ எரிமலைக்குள் வினிகர் இருக்கிறது என்ற எண்ணத்தைத்தான். போதாக்குறைக்கு மலையைச் செய்தது அப்பா, பெயர்ப்பலகை எழுதியது அக்கா. பிள்ளை மனப்பாடம் செய்த நான்கு வரியைச் சொல்லிவிட்டு நிற்கிறது. நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும். பாவம், வேறு என்ன செய்யும்?

அடுத்த கண்காட்சிக்கு ஒன்று சொல்கிறேன். திறந்த வெளியில் ஒரு குச்சியை நேராக நட்டுவை. சாய்வு இருக்கக் கூடாது, நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்க்கலாம். காலையிலிருந்து மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் ஒரு புள்ளி, பக்கத்தில் நேரம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடு. மற்றபடி ஒன்றும் விளக்க வேண்டாம். "எப்போது நிழல் மிகக் குட்டையாக இருக்கும்?" என்று கேள். எல்லாரும் பன்னிரண்டு மணி என்பார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி இருக்காது. கடிகாரம் காட்டுவது ஒரு நாட்டுக்கோ ஒரு பெரிய பகுதிக்கோ பொதுவாக வைத்துக்கொண்ட நேரம், சூரியன் அந்தந்த இடத்தின் உச்சியைத் தன் கணக்கில்தான் தாண்டும். பன்னிரண்டுக்குக் குறித்த புள்ளியையும் அதற்கு முன்னும் பின்னும் குறித்த புள்ளிகளையும் அளந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். கடிகாரம் தப்பு என்பான் ஒருவன், குச்சி சாய்ந்துவிட்டது என்பாள் ஒருத்தி. அந்தச் சண்டைதான் உன் கண்காட்சி. மாதம் ஒரு நாள், அதே தேதியில், இதையே திரும்பச் செய்யச் சொல். ஜூன் 21 வாக்கிலும் டிசம்பர் 21 வாக்கிலும் நண்பகல் நிழல், அதாவது அன்றைய மிகக் குட்டை நிழல், எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவர்களே பார்ப்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 23.5 பாகைக்குள் இருக்கும் இடங்களில் வருடத்தில் இரண்டு நாள் நண்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதற்கு வெளியே எந்த நாளிலும் நிழல் இருக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இப்படி ஒரு நிழலை வைத்துத்தான் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். மூன்றாம் வகுப்புக்கு அந்தக் கணக்கு வேண்டாம், கேட்கிற பிள்ளைக்குக் கதையாகச் சொல்.

பிறகு மடலில் எழுத உனக்கு வரிகள் தானாக வரும். "மூன்றாம் வகுப்பு காலை முதல் மாலை வரை நிழல் அளந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் மிகக் குட்டை என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அளந்தபோது அப்படி இல்லை. ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது, வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்." இதைப் படித்த பெற்றோர் அன்றிரவு பிள்ளையிடம் கேட்பார்கள். "கண்காட்சி சிறப்பாக நடைபெற்றது" என்பதைப் படித்தவர் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

விளையாட்டு விழாவுக்கும் இதே அளவுகோல்தான். ஓட்டப்பந்தயத்தில் தகுதிச் சுற்று வைக்கிறோம். முதல் சுற்றிலேயே பின்தங்கிய பிள்ளை அந்த விழா முழுக்க ஓடியது ஒரே ஓட்டம், அதுவும் அரை நிமிடம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் வெயிலில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வருடத்தில் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய ஒரே நாளில் பாதிப் பிள்ளைகள் அதிகம் உட்கார்ந்தே இருந்தார்கள் என்றால் அது என்ன விழா? வேகமாக ஓடுகிறவர்களுக்குப் பந்தயம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மைதானத்தை ஆறேழு இடமாகப் பிரித்து, ஓரிடத்தில் வளையம் எறிதல், ஓரிடத்தில் சாக்கு ஓட்டம், ஓரிடத்தில் கயிறு தாண்டுதல் என்று வைத்துவிட்டுக் குழுக்களைச் சுற்றவிடு. விசில் அடித்தால் அடுத்த இடம். யாரும் சும்மா உட்கார முடியாது. கடைசியில் வகுப்புக்கு வகுப்பு கயிறு இழுத்தல். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த விளையாட்டு அது, பிள்ளைகளிடம் சொன்னால் இன்னும் கொஞ்சம் பலமாக இழுப்பார்கள்.

வாசிப்பு வாரத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய், ஆளுக்கு ஒரு குட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை படித்துக் காட்டினார்கள் என்ற வரி. அதைக் கடைசியில், அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய்! முதல் பக்கத்தின் தலையில் வரவேண்டிய செய்தி அது. வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்று கூச்சப்படும் பெரிய பையன் சின்னக் குழந்தைக்குப் படிக்கும்போது கூச்சப்பட மாட்டான். முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருப்பான். அந்தக் குழந்தை வேறு "இன்னொரு தடவை" என்று கேட்கும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிக்க அதைவிட நல்ல காரணம் எந்த ஆசிரியராலும் கொடுக்க முடியாது. இதை வாரத்தோடு நிறுத்தாதே, வருடம் முழுக்க நடக்கட்டும்.

தீ விபத்து ஒத்திகையை இரண்டே வரியில் எழுதியிருக்கிறாய், போதும். எத்தனை நிமிடத்தில் எல்லாரும் மைதானத்துக்கு வந்தார்கள், வருகைப் பதிவேட்டை வைத்துத் தலை எண்ணினீர்களா, இந்த இரண்டை மட்டும் சேர்த்துவிடு.

இனி இரண்டாம் பக்கம். நாள்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாள், 15 கை கழுவும் நாள், நவம்பர் 20 உலகக் குழந்தைகள் நாள், பிப்ரவரி 21 தாய்மொழி நாள், ஏப்ரல் 23 புத்தக நாள். நடுவில் இன்னும் பல. எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சுப்போட்டி, ஓர் ஓவியப்போட்டி. பேசுகிற பிள்ளை எல்லாவற்றிலும் பேசும், வரைகிற பிள்ளை எல்லாவற்றிலும் வரையும். மற்றவர்கள் பார்வையாளர்கள். பாதியை அடித்துவிடு தம்பி. வைத்துக்கொள்வதை ஒழுங்காகச் செய்.

கை கழுவும் நாளுக்குச் சுவரொட்டி வேண்டாம். சோப்பு இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் குழாய் எட்டுகிறதா என்று நான்காம் வகுப்பு ஒரு வாரம் தினமும் பார்த்து எழுதட்டும். 16ஆம் தேதி சோப்பு இல்லை என்றால் அதையும் எழுதட்டும். தாய்மொழி நாளை யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. 1952இல் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிச் சுடப்பட்டு இறந்தவர்களின் நினைவு அதன் பின்னால் இருக்கிறது. உன் பள்ளியில் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் ஆசிரியர், மற்றவர்கள் மாணவர். ஒன்று முதல் பத்து வரை எண்ணக் கற்றுக்கொடுத்தால்கூடப் போதும். எப்போதும் பின்னால் உட்காரும் ஒரு குழந்தை அன்று கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஆண்டு விழாத் தேதியைப் போட்டிருக்கிறாய், ஒத்திகை எப்போது தொடங்குகிறது என்பதைப் போடவில்லை. அதுதான் முக்கியம். ஒரு நாள் விழாவுக்கு வாரக்கணக்கில் பிற்பகல் வகுப்புகள் கரைந்துபோவதை நீயும் பார்த்திருப்பாய். எந்தப் பாடவேளை, எத்தனை நாள் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டால் அதற்கு மேல் எடுக்க யாருக்கும் கை வராது. நாடகத்தில் மரமாக நிற்கும் பிள்ளைக்கும் ஒரு வசனம் கொடு. மரம் பேசினால் கதை கெட்டுவிடாது. ஒரே தடவை உடுத்த உடை வாங்கச் சொல்லாதே, வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும்படி பாத்திரங்களை அமைத்துக்கொள்.

பெற்றோர் கூட்டத்துக்கு "அனைவரும் தவறாமல் வருக" என்று போட்டு ஒரே நேரத்தைக் கொடுத்திருக்கிறாய். வரிசையில் நின்று கால் கடுத்தவர் உன் முன்னால் உட்காரும்போது மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நேரம் பிரித்துக் கொடு, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் சில இடம் ஒதுக்கு. பிள்ளையும் கூட உட்காரட்டும், தன் நோட்டைத் தானே திறந்து காட்டட்டும். எந்த நிகழ்ச்சியானாலும் தேதியோடு கிழமையையும் எழுது, எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் எழுது. விடுப்பு கேட்க வேண்டியவர்களுக்கு இரண்டு வாரமாவது முன்னால் தெரிய வேண்டும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் வெளியிடாதே, சம்மதம் இருந்தாலும் படத்தோடு முழுப்பெயரைச் சேர்க்காதே. மடல் தாளோடு நிற்பதில்லை, கைபேசி கைபேசியாகப் போகும். கை, நோட்டு, நட்ட குச்சி, வரைந்த வட்டம், இவற்றின் படமே போதும்.

கடைசியாக நவம்பர் 20. குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்றுக்கொண்டது அந்தத் தேதியில்தான். அதன் 31ஆம் உறுப்பு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. 12ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லவும் அதற்குரிய மதிப்பைப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. அன்றைக்கு என்ன நிகழ்ச்சி என்று நீ எழுதியிருக்கும் இடத்தை அழித்துவிட்டு வெற்றாக விடு. ஐந்து வகுப்புகளிலும் கேள், அவர்களே முடிவு செய்யட்டும். "நாள் முழுக்க விளையாட்டு" என்றுதான் முதலில் சொல்வார்கள், பயப்படாதே. யார் பந்து கொண்டுவருவது, சின்ன வகுப்புக்கு எந்த இடம், மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே போ. திட்டம் அவர்கள் வாயிலிருந்தே வரும். அதை அவர்கள் கையெழுத்திலேயே மடலில் ஒட்டிவிடு, பிழை இருந்தால் இருக்கட்டும்.

தலைமையாசிரியர் விருந்தினர் பெயர்களை விட முடியாது என்று சொல்லக்கூடும். விட வேண்டாம். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிடலாம் என்று எடுத்துச் சொல், ஒத்துக்கொள்வார். திருத்திய வரைவை அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு தடவை அனுப்பு, ஒற்றுப்பிழையையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா