பர்மா மலையூர் கலோவிலிருந்து சேதுவுக்கு

அன்புள்ள சேது,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய். இன்னும் கொஞ்சம் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி, கரண்டு வந்தால் வந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கோவில் பின்புறத்துப் பைன் மரம் போய்விட்டதடா. வேர் அழுகி ரயில் பாதைப் பக்கம் சாயத் தொடங்கியது, கமிட்டி அறுக்கச் சொல்லிவிட்டது. ஆறடி அண்ணன் வழக்கம்போல, "எங்க தாத்தா ரயில்ரோடு போட வந்தப்பவே இது இம்புட்டு உசரம்" என்று ஆரம்பித்தார். வளையங்களை எண்ணி மரத்தின் வயசைப் பார்த்துவிடுவோமே என்று அடிக்கட்டை முன்னால் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயரே கட்டை.

மழை தொடங்கினால் மரம் சுவர் மெலிந்த பெரிய பெரிய செல்களாகக் கட்டும், அது வெளிர் நிறம். மண் காயக் காய செல் சிறுத்து, சுவர் தடித்து, நிறம் கறுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். கணக்கு வாத்தியாரே மகிழ்ந்துபோகிற கணக்கு! ஆனால் நம்ம ஊர் மரம் அவ்வளவு யோக்கியமில்லை. மழைக்காலத்து நடுவில் வானம் கொஞ்சம் ஏமாற்றினாலும் கறுப்புக் கோடு போட ஆரம்பித்துவிடும், திரும்ப மழை பிடித்தால் மறுபடி வெளிர். லென்ஸில் பார்த்தால் குட்டு வெளிப்படும்: நிஜ வளையத்தில் கறுப்பு சட்டென்று முடிந்து அடுத்த வெளிர் தொடங்கும், பொய் வளையத்தில் இரண்டு ஓரமும் கரைந்து கிடக்கும். அண்ணன் பொய்யையும் சேர்த்து எண்ணித் தாத்தாவுக்கு வயசு கூட்டிக்கொண்டிருக்கிறார்.

என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. ஐந்தாறு மாதம் கொட்டித் தீர்க்கிற ஊரில் மழை எங்கே குறையப்போகிறது, எல்லா வளையமும் ஒரே அகலமாகத்தானே இருக்கவேண்டும்? இல்லை. வடமேற்குத் தாய்லாந்தில் இதே இனப் பைன்களை ஆராய்ந்தவர்கள், பருவமழைக்கு முந்தின மாதங்களின் வானிலைதான் வளையத்தில் பதிகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஏப்ரல், மே கோடை மழை வந்தால் மரம் சீக்கிரம் வேலையைத் தொடங்கும். வராமல் வெயில் மட்டும் காய்ந்தால், தண்ணீரைக் காப்பாற்ற ஊசியிலைத் துளைகளை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கும். பனி நாட்டுப் பைனுக்குக் கோடை வெயில் போதாதது குறை. நம்முடையதற்கு வெயில்தான் எமன்.

பட்டையிலிருந்து உள்ளே எண்ணிப் போனேன். 2010 என்று நான் நினைக்கிற இடத்தில் வளையம் நூலிழை போல. ஞாபகமிருக்கிறதா, அந்த மே மாதம் நடு பர்மா மின்மு ஊரில் 47.2 டிகிரி! 2024 ஏப்ரலில் சௌக் ஊர் அதையும் தாண்டி 48.2. அந்த வளையமும் ஒல்லிதான்.

மருமகன் ஓரத்து வளையங்களைக் காட்டி, "எல்லாமே குறுகிக்கிட்டே வருது மாமா, உலகம் முடிஞ்சுது" என்றான். அது வேறடா என்றேன். மரம் பருக்கப் பருக்க அதே அளவு மரக்கட்டையைப் பெரிய வட்டத்தில் பரப்பவேண்டியிருக்கிறது, வளையம் தானாகவே மெலியும். ஆராய்ச்சிக்காரர்கள் வயசால் வரும் அந்த மெலிவை முதலில் கழித்துவிட்டுத்தான் மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஒற்றை மரத்தையும் நம்பமாட்டார்கள். பல மரங்களில் ஒல்லி வளையங்கள் ஒரே வரிசையில் பொருந்தினால்தான் வருஷத்தை உறுதி சொல்வார்கள். வியட்நாம் மலையில் சைப்ரஸ் வகை மரங்களை அப்படிப் பொருத்தி, ஏறக்குறைய ஆயிரம் வருஷ வரலாற்றை 2010-இல் வெளியிட்டார்கள். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் பத்து இருபது வருஷம் விடாத வறட்சி அதில் தெரிந்தது. கம்போடியாவின் பழைய தலைநகர் அங்கோர் நொடித்த காலம் அது.

சேது, விளையாட்டில்லை. இந்த வருஷம் திஞ்சான் புத்தாண்டு முடிந்தும் சொட்டு மழை இல்லை. மேட்டுக் கிணற்றில் வாளி கல்லில் இடிக்கிறது. நின்றுகொண்டிருக்கிற மரங்கள் இப்போது எதை எழுதிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. நீ ரங்கூனில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து சிரிப்பாய்.

ஒரு உதவி. இங்கே கிடைக்கிற உப்புத்தாள் சொரசொரப்பு, வளையம் தெளியவில்லை. 400 நம்பரில் ஒரு கட்டு, நல்ல லென்ஸ் ஒன்று, இரண்டையும் பஸ்காரத் தம்பியிடம் கொடுத்துவிடு. காசைத் திருவிழாவுக்கு வரும்போது வாங்கிக்கொள் (தரமாட்டேன்). சீக்கிரம் அனுப்பு. பிசின் ஏறிய கட்டை அடுப்புப் பற்றவைக்க நன்றாயிருக்கும் என்று கமிட்டியில் விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

உன்
கட்டை