கண்ணுல பூச்சி பறந்தா ஃபோட்டோ மட்டும் போதாதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

கண்ணுல மிதக்குற புள்ளி, நூல் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசில "டாக்டரைப் பார்த்து டெஸ்ட் எடுத்துக்கோங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. என்ன டெஸ்ட்? அதுலதானே ஆளுங்க மாட்டிக்கிறாங்க. எனக்கும் இந்த ஃப்ளோட்டர்ஸ் தொல்லை பல வருஷமா இருக்கு, வெள்ளை ஸ்கிரீனைப் பார்த்தா புழு மாதிரி நெளியும், கண்ணை ஃபோட்டோ எடுத்துட்டு நார்மல்னு ரிப்போர்ட் குடுப்பாங்க, அப்புறம் வீட்ல உள்ளவங்க நம்மளை ஒரு மாதிரி பார்ப்பாங்க.

கண்ணோட உள்பக்கத்தை எடுக்குற சாதாரண ஃபண்டஸ் ஃபோட்டோ ஃபோகஸ் பண்றது பின்னாடி இருக்குற விழித்திரையை. ஃப்ளோட்டர் இருக்குறது அதுக்கு முன்னாடி, கண்ணுக்குள்ள நிறைஞ்சிருக்குற விட்ரியஸ் ஜெல்லுக்குள்ள. அந்த ஜெல்லுல 98 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், மிச்சம் இருக்குற கொலாஜன் இழைங்க வயசாக ஆக கட்டிக்கிட்டு விழித்திரை மேல நிழல் விழுது, நமக்குத் தெரியறது அந்த நிழல்தான். அசைஞ்சுக்கிட்டே இருக்குற ஒண்ணை, அதுவும் பாதி கண்ணாடி மாதிரி இருக்குறதை, ஒரே ஒரு ஸ்டில் ஃபோட்டோல எப்படிங்க பிடிக்கிறது?

பி-ஸ்கேன்னு ஒரு அல்ட்ராசவுண்ட் இருக்கு, மூடின இமை மேலயே ஜெல் தடவி எடுப்பாங்க, கண்ணை இடம் வலமா அசைச்சு டக்குனு நிறுத்தச் சொல்லுவாங்க, கண்ணு நின்னாலும் உள்ள இருக்குற கட்டிங்க ஆடிக்கிட்டே இருக்கும், லைவ்ல பார்த்தாத்தான் புரியும். கண்புரை இருந்தாலும் இது வேலை செய்யும். 1991ல வந்த ஓசிடி, அதாவது ஒளியை வச்சு விழித்திரையை அடுக்கடுக்கா காட்டுற ஸ்கேன், மேக்குலாவுக்கு (விழித்திரையோட நடுப்பகுதி) முன்னாடி ஜெல் விலகியிருக்கான்னு அருமையா காட்டும், ஆனா அதோட ஜன்னல் சின்னது, ஃப்ளோட்டர் அந்த நேரம் அங்க வந்தாத்தான் உண்டு. எனக்குக் கேட்டா இன்ஃப்ராரெட் எஸ்எல்ஓ, அதாவது லேசர் ஒளியால விழித்திரையை ஸ்கேன் பண்ற மெஷின், அதோட வீடியோதான் பெஸ்ட், ஏன்னா நிழல் விழித்திரை மேல நகர்றதே அதுல தெரியும், பேஷண்ட் பார்க்குறதுக்கு ரொம்ப கிட்ட வருது. ஸ்லிட் லேம்ப்ங்கிற கண் மைக்ரோஸ்கோப்ல லென்ஸ் வச்சு டாக்டர் பெரிய ஃப்ளோட்டருங்களைப் பார்த்துடுவார், ஜெல் விழித்திரையை விட்டு கழண்டப்போ வந்த வளையத்தைக்கூட, ஆனா அதுல கேமரா இல்லன்னா பதிவு எதுவும் மிஞ்சாது.

அதனால நான் கேக்குறது, எடுக்குற ஸ்கேனை வீடியோவா தேதி போட்டு சேவ் பண்ணி பேஷண்ட் கைல குடுக்கணும். பின்னாடி லேசரா ஆபரேஷனான்னு பேச்சு வரும்போது முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ஒப்பிட வேற எது இருக்கு? இன்னொண்ணு, விழித்திரைக்கு ரொம்ப ஒட்டி இருக்குற மெல்லிசு இழை கூர்மையான நிழல் குடுக்கும், ஆனா மெஷின்ல சிக்காம போயிடலாம், கிட்டப்பார்வை உள்ள சின்ன வயசுக்காரங்களுக்கு அடிக்கடி இதுதான் கதை. ஸ்கேன்ல தெரியலைன்னா இல்லவே இல்லன்னு எழுதிடாதீங்கப்பா.

திடீர்னு புள்ளிங்க கொட்டுது, மின்னல் வெட்டுது, ஓரத்துல திரை விழுதுன்னா மட்டும் எந்த மெஷின்னு யோசிக்கவே கூடாது, அன்னிக்கே போய் சொட்டு மருந்து விட்டு கண் பாப்பாவை விரிச்சு விழித்திரை ஓரம் வரைக்கும் பார்க்கச் சொல்லணும், கிழிசல் இருக்கலாம். விழித்திரையை அகலமா ஃபோட்டோ எடுத்தாச்சுன்னு இதை விட்டுடக் கூடாது. அடுத்த தடவை இதைப் பத்தி எழுதும்போது இந்த டெஸ்டுங்க பேரையும் ஒரு கட்டத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்