பழக்கிவிடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். போனில் பேசினால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். பக்கத்தில் உன்னை லாரி பழக்குகிற டிரைவர் அண்ணன் இருக்கும்போது நீயும் என்னதான் பேசுவாய்? ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் வருகிற நம் தெரு வண்டியில் இதைக் கொடுத்துவிடுகிறேன். சாவகாசமாகப் படி. அண்ணன் கண்ணில் படாமல் படித்தால் நல்லது, பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான்.

அம்மாவிடம் நீ கொட்டியதெல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது. ஆளில்லாத நேர் ரோட்டில் மட்டும் ஸ்டியரிங் கொடுக்கிறார், ஹைதராபாத் நெருங்கியதும் வாங்கிக்கொள்கிறார். எதைக் கேட்டாலும் பதில் இல்லை. தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருந்ததற்கு லோடுமேன்கள் முன்னால் வைத்து "பி.காம். படிச்ச கை இப்படித்தான் கட்டுமா" என்றார். இப்படியே போனால் தனி வண்டி எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று அழாத குறையாகக் கேட்டாயாம்.

முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள், கண்ணு. உன்னைப் பழக்குவதற்கு அந்த மனுஷனுக்கு ஒரு பைசா கூலி கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா, அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பார்க்கிற காசு டீசலில் இருக்கிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் ஒரு மைலேஜ் வைத்திருப்பார். உங்கள் மாதிரி லோடு வண்டிக்கு மூன்று, மூன்றரை. அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு லாபம். குறைந்தால் அவர் கணக்கில்தான் பிடிப்பார்கள். இப்போது நீ ஸ்டியரிங்கில் உட்கார்கிறாய் என்று வை. கிளட்சிலேயே கால் வைத்திருப்பாய். மேட்டில் கியரை லேட்டாக மாற்றுவாய். தூரத்தில் லாரி தெரிந்தாலே பிரேக் அடித்து, மறுபடி முதலிலிருந்து வேகம் பிடிப்பாய். ஒவ்வொன்றும் அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. லேட்டானால் இறக்குகிற இடத்தில் வரிசை நீளும், ரிட்டர்ன் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். எங்காவது உரசினாலும் ஓனர் உன்னையா கேட்பார்? அவரைத்தான் கேட்பார். இத்தனையும் தெரிந்துதான் அவர் எழுந்து வந்து இந்தப் பக்கம் உட்காருகிறார். இன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தார் என்று நீ எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணு.

எங்கள் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் ஓடுகிற நேஷனல் பர்மிட் வண்டி என்றால் இரண்டு டிரைவர் இருக்கவேண்டும் என்று விதியே இருந்தது. கிளீனராக ஏறி, கை பழகி, லைசென்ஸ் எடுத்து, செகண்ட் டிரைவராகி, பிறகு தனி வண்டி. 2018இல் அந்த இரண்டு டிரைவர் விதியை எடுத்துவிட்டார்கள். ஓனருக்கு ஒரு சம்பளம் மிச்சம். கிளீனர் வேலைக்கும் இப்போது பையன்கள் வருவதில்லை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் டிரைவர் கிடைக்கவில்லை என்ற புலம்பல்தான். டிரைவர் உருவாகிற சீட்டைக் காலி பண்ணிவிட்டு ஆளைத் தேடினால் எங்கிருந்து வருவான்? உன் ஓனர் உன்னை ஒருவரோடு ஏற்றிவிட்டதே இன்றைக்குப் பெரிய காரியம்.

லைசென்ஸ் வாங்குவது வேறு. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்து, இருபது வயதும் முடிந்திருந்தால் லாரி ஓட்டுகிற ஹெவி லைசென்ஸுக்குப் போடலாம். எட்டாவது படித்திருக்கவேண்டும் என்று இருந்ததைக்கூட 2019இல் எடுத்துவிட்டார்கள். நீ முறையாகப் பயிற்சிக்குப் போனவன், அங்கே சொல்லிக்கொடுத்ததில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது காலி வண்டி. வண்டியும் சரக்கும் சேர்ந்து நாற்பது டன்னுக்கு மேல் இருக்கும்போது அதே ஸ்டியரிங் வேறு மாதிரி பேசும். இன்னொன்று, பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. உங்கள் லாரியில் அண்ணன் பக்கம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஊருக்குள் இடது பக்கம் ஒரு டூவீலர் புகுந்தால் அவரால் கத்த மட்டும்தான் முடியும். அந்தக் கத்தல் உன் காதில் விழுந்து, காலுக்குப் போய், பிரேக் பிடிக்கிறவரைக்கும் நாற்பது டன் காத்திருக்காது. அதனால்தான் ஊர் நெருங்கும்போது வாங்கிக்கொள்கிறார். நானும் நிறையப் பேரைப் பழக்கியிருக்கிறேன். அந்த சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் பக்கத்துக் கால்மிதியில் ஓட்டையே விழுந்தது.

ஊருக்குள் அவர் ஓட்டும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இடது பக்கக் கண்ணாடியை எடுத்துக்கொள். "லெஃப்ட் கிளியர்ணா", "சைக்கிள் வருதுணா" என்று குரல் கொடு. நீ பார்ப்பதும் அவர் பார்ப்பதும் ஒன்றாக இருக்கிறது என்று அவருக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போதுதான் ஊருக்குள் ஸ்டியரிங் வரும். கேட்டு வாங்க முடியாது.

பதில் சொல்வதில்லை என்கிறாய். என்னைப் பழக்கியவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். வாய் திறந்து ஒரு பாடம் சொன்னதில்லை. டீக்கடையில் வண்டி நின்றதும் வீல் ஸ்பேனர் ராடைக் கையில் கொடுப்பார். ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வரவேண்டும். காற்று சரியாக இருந்தால் டண்ணென்று ராடு கையைத் திருப்பி அடிக்கும். குறைந்திருந்தால் தொப்பென்று அமுங்கும். பின்னால் ஜோடி டயர் இருக்கிறதே, அதில் உள் டயரைத் தட்ட குனிந்து ராடை உள்ளே விடவேண்டும். உள்ளே காற்று இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டிருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தாங்குகிற டயர் சூடேறி வழியில் வெடிக்கும். அவர் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். நான் சுற்றி முடித்து வந்து நின்றால், திரும்பாமலே "இன்னொண்ணு" என்பார். சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்!

உன் அண்ணனும் அந்த ரகம் என்றுதான் தோன்றுகிறது. ஓட்டும்போது கேட்காதே. வழியில் நிறுத்தி ஸ்டவ் பற்றவைத்து, சோறு வேகும் நேரத்தில் கேள். அதுவும் "ஏன் எனக்குக் கொடுக்கலை" என்று கேட்காதே. "அந்த மேட்டில நாலாவதுல இருந்து மூணாவது எப்பணா போட்டீங்க, சத்தத்தை வச்சா, மீட்டரைப் பார்த்தா?" என்று கேள். தொழிலைக் கேட்டால் சொல்லாத டிரைவரை நான் பார்த்ததில்லை.

கயிறு விஷயத்தில் அவர் கோபம் நியாயம். மழைத் தண்ணீர் உள்ளே போய் ஜவ்வரிசி மூட்டை நனைந்தால் சரக்கு வாங்குகிற பார்ட்டி எடுக்கமாட்டான், நஷ்டத்தை வாடகையில் கழிப்பான். ஆனால் நாலு பேர் முன்னால் படிப்பை இழுத்தது நியாயம் இல்லை. அதை நான் தாங்கிப் பேசமாட்டேன். எங்கள் நாளில் டிரைவர் துணியைத் துவைத்து, கால் அமுக்கிவிட்டு, அடியும் வாங்கினால்தான் ஸ்டியரிங்கைத் தொடமுடியும். அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரியும் கிழவர்கள் இங்கே டீக்கடையில் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. வண்டி வேலை எதையும் தட்டாதே: தார்ப்பாய், டயர், கிரீஸ், டயருக்குக் கட்டை போடுவது, சமையல். அவருடைய சொந்த வேலை உன் வேலை இல்லை. கை நீட்டினால் அன்றைக்கே எனக்குப் போன் போடு. குடித்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் நீ வண்டியில் ஏறாதே. நடு ரோடாக இருந்தாலும் சரி, இறங்கிக்கொள். பஸ் காசு நான் போடுகிறேன்.

இப்போது இந்தக் கடிதம் எழுதியதற்கான காரியத்துக்கு வருகிறேன்.

போன வாரம் நீ பேசும்போது, தொப்பூர் இறக்கத்தில் அண்ணன் நியூட்ரலில் விட்டு அழகாக இறக்கினார் என்று ஆசையாகச் சொன்னாய். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மேலே சொன்ன டீசல் கணக்குதான் இதற்கும் காரணம். அவர் கெட்டவர் இல்லை. அந்த இறக்கத்தில் டீசல் மிச்சமாகும், அது தன் வீட்டுக்குப் போகும் என்ற நினைப்பு. ஆனால் வண்டிக்கு அது தெரியாது. கியரில் இருந்தால் இன்ஜினே பாதி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் கூட நிற்கும். நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக் லைனிங் மேல். மிதிக்க மிதிக்கச் சூடேறும். சூடேறிய லைனிங் பிடிக்காது. பயத்தில் இன்னும் மிதிப்பாய், பிரேக்கைப் பிடிக்கவைக்கிற ஏர் இறங்கும். அந்த வேகத்தில் கியருக்குள் திரும்பப் போகலாம் என்று நினைத்தால் விழாது, கர்கர்ரென்று கடிக்கும். சிலர் இன்னும் மோசம், இன்ஜினையே ஆஃப் பண்ணிவிடுவார்கள். பவர் ஸ்டியரிங்கும் போச்சு, ஏர் ஏற்றுகிற கம்ப்ரஸரும் நின்றது.

தொப்பூரில் நாம் வடக்கே போகும்போது மேடு, வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இறக்கம். தர்மபுரி தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச நேரத்தில் சேலம் என்று மனசு முன்னாடி ஓடும் இடம் அது. 2024 ஜனவரியில் அங்கே பாலத்தில் லாரி முன்னால் போன வண்டிகளை இடித்து, ஒன்று கீழே விழுந்து, தீப்பிடித்து எரிந்ததை நீயும் போனில் பார்த்தாய். எந்த மேட்டை எந்த கியரில் ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு, முடிந்தால் ஒன்று குறைத்துக்கொள். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே கியரைப் போட்டுவிடு. பாதியில் மாற்றலாம் என்று வைத்துக்கொள்ளாதே.

அண்ணன் நியூட்ரல் போடச் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, வாதாடாதே. "எனக்குக் கை பத்தாதுங்ணா, கியர்லயே இறக்கிக்கறேன்" என்று சொல். தன் கை பெரிது என்று அவருக்கும் சந்தோஷம். முனகுவார், முனகட்டும். அவர் ஓட்டும்போது நீ தடுக்க முடியாது. உன் கையில் இருக்கும்போது யார் சொன்னாலும் லீவர் நியூட்ரலுக்குப் போகக்கூடாது. அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள், இதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதியிருந்தது. நம் ரோட்டில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடிகிறவரை அவர் ஓட்டினால் நீ தூங்காதே, எதையாவது பேசிக்கொண்டே இரு. பதில் வருவது நின்றால் வண்டியை ஓரம் கட்டச் சொல். நீ ஓட்டும்போது அவர் பின்னால் படுத்துக் குறட்டை விட்டார் என்றால், அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் உனக்கு எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸும் தராது.

ஓனரிடம் நான் பேசலாம் என்று இருக்கிறேன். அவர் அப்பா வண்டியில் நான் ஓட்டியவன், என் பேச்சைக் கேட்பார். உன்னைப் பழக்குகிற டிரிப்புகளுக்கு மட்டும் மைலேஜ் கணக்கைத் தளர்த்தி, அண்ணன் பேட்டாவில் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லப்போகிறேன். வருகிற காசு கையில் இருந்தால் நியூட்ரல் ஆசையும் குறையும், ஸ்டியரிங்கும் உனக்குக் கூடக் கிடைக்கும். இதை அண்ணனிடம் மூச்சு விடாதே. நீதான் வீட்டில் சொல்லிப் பேசவைத்தாய் என்று நினைத்துக்கொண்டால் அப்புறம் நேர் ரோடும் கிடைக்காது.

சேலத்தில் இறக்கினால் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. வெள்ளி, சனியில் அசைவம் சாப்பிடுவாரா என்று முன்னாடியே கேட்டு அம்மாவுக்குச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அப்பா