ஓராங் ஊத்தானுக்கு ஆரஞ்சு கொடுக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்கூல் லீவு வருது, இந்தோனேசியாவுல சுமத்ரா பக்கம் காட்டுப் பயணம் போலாமான்னு நம்ம பினாங்கு ஆளுங்க நிறைய பேரு விசாரிச்சிக்கிட்டு இருக்காங்க, உங்க பத்திரிகையிலயும் சுற்றுலா விளம்பரம் வருது, அதனாலதான் இத எழுதறேன். போன லீவுக்கு நாங்க போயிட்டு வந்தோம், நானும் வீட்டுக்காரரும் மகனும், தங்கச்சி குடும்பத்துல மூணு பேரும். புக்கிட் லாவாங்னு ஆத்தோரமா ஒரு சின்ன ஊரு, குனோங் லியூசர் தேசியப் பூங்காவுக்கு வாசல் மாதிரி. அங்கிருந்து கைடு கூட காட்டுக்குள்ள ரெண்டு நாள் நடை, நடுவுல ஒரு ராத்திரி கூடாரத்துல தங்கணும்.

பினாங்குல பிளைட் ஏறினா சுமத்ராவுல மேடான் நகரத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, அங்க நேரம் நம்மளவிட ஒரு மணி பின்னாடி, அதனால ஏறுன நேரத்துக்கே எறங்குற மாதிரி இருக்கும். மேடான்ல 1884ல கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு, அங்க ஒரு அர்ச்சனை பண்ணிட்டு புக்கிட் லாவாங்குக்கு கார் எடுத்தோம், நாலு மணி நேரம், வழி பூரா எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம், கெடா பக்கம் போற மாதிரியே இருந்துச்சு. அந்த செம்பனைக்காக அழிஞ்ச காடு கொஞ்சநஞ்சம் இல்ல. மிச்சம் இருக்கிற லியூசர் காட்டுப் பகுதியிலதான் யானை, புலி, காண்டாமிருகம், ஓராங் ஊத்தான்னு சொல்ற மனுசக் குரங்கு நாலும் இன்னும் ஒண்ணா வாழுது, உலகத்துல வேற எங்கயும் அப்படி கிடையாது. யுனெஸ்கோ 2004ல இந்தப் பூங்காவையும் சேத்து சுமத்ரா மழைக்காட்ட உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சு, 2011லயே ஆபத்துல இருக்கிற பட்டியல்லயும் சேத்துட்டாங்க.

காலையில பசியாறிட்டு கிளம்பினோம், ரெண்டு கைடு, ஒருத்தர் பெரியவர், இன்னொருத்தர் இருபத்தஞ்சு வயசுப் பையன். ஆரம்பத்துல கொஞ்ச தூரம் பால்மரக் காடு, அதான் ரப்பர் தோட்டம், மரத்துல பால் பிடிக்கிற மங்கு கட்டியிருந்தத பாத்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துருச்சு, அவங்க தோட்டத்துல பால் வெட்டுனவங்க, புகையிலைத் தண்ணிய கால்ல தடவிட்டுத்தான் வேலைக்குப் போவாங்க அட்டைக்கு பயந்து. நாங்க நீளமான சாக்ஸ் போட்டும் ஆளுக்கு நாலஞ்சு அட்டை ஏறிருச்சு, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, பிடுங்கிப் போட்டுட்டு நடந்தோம். தலையில சேவல் கொண்டை மாதிரி முடி நிக்கிற தாமஸ் குரங்கு ஒரு கூட்டம் பாத்தோம், அவ்வளவு அழகு.

கிளம்பறதுக்கு முன்னாடியே பெரியவரு சொன்னாரு, ஓராங் ஊத்தான்கிட்ட இருந்து 10 மீட்டர் தள்ளி நிக்கணும், சாப்பாடு கொடுக்கக்கூடாது, சளி காய்ச்சல் இருக்கிறவங்க கிட்டவே போகக்கூடாதுன்னு. ஆனா மதியம் ஒரு சரிவுல நிக்கும்போது அவரே வாயால ஒரு சத்தம் கொடுத்துட்டு பையில இருந்து ஆரஞ்சு எடுத்து நீட்டினாரு. மேல இருந்து ஒரு தாய் குட்டியோட எறங்கி வந்துச்சு, எங்களுக்கு கைக்கெட்டுற தூரம். விரல் கறுப்பா சுருக்கம் விழுந்து இருந்துச்சு, நகம் அச்சு அசல் நம்ம நகம், அந்த செம்பட்டை முடியில காஞ்ச இலைத் துண்டு ஒட்டியிருந்துச்சு, குட்டி அம்மாவோட அக்குள் முடிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு எங்களையே பாத்துச்சு. எல்லாரும் போனை எடுத்துட்டோம், நானும்தான். அப்ப தங்கச்சி மகன், ஒம்பது வயசு, ரெண்டு நாளா மூக்கு ஒழுகிக்கிட்டு இருந்தவன், அந்தக் குட்டிய பாத்து நேரா தும்மிட்டான்.

அதுக்கப்புறம் எனக்கு படம் எடுக்க மனசே வரல. நமக்கும் அதுக்கும் மரபணு கிட்டத்தட்ட 97 விழுக்காடு ஒண்ணு, நம்ம சளி அதுக்கும் ஒட்டிக்கும். சுமத்ரா ஓராங் ஊத்தான் ஒரு குட்டி போட்டா அடுத்த குட்டிக்கு எட்டு ஒம்பது வருஷம் ஆகும், அதுவரைக்கும் முதல் குட்டிய கூடவே வச்சு எது பழம், எங்க கூடு கட்டணும்னு சொல்லிக் கொடுக்கும். அப்படி இருக்கிறதுல ஒரு குட்டி செத்தா அந்த இழப்ப எப்ப ஈடு கட்டறது? புலி இருக்கிற காடுங்கிறதால இதுங்க தரைக்கு எறங்கறதே அபூர்வம், நாம பழத்தக் காட்டி கீழ வரவழைக்கிறோம்.

சாயங்காலம் ஆத்தோரமா கூடாரத்துக்கு வந்து சேந்தோம், மூங்கில் சட்டத்து மேல பிளாஸ்டிக் விரிப்பு, கீழ மெல்லிசா ஒரு பாய், அவ்வளவுதான். இருட்டறதுக்கு முன்னாடி அந்தப் பையன் எங்கள மேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போய் சத்தம் போடாம நிக்கச் சொன்னான். உயரத்துல ஒரு ஓராங் ஊத்தான் தனக்கு படுக்கை போட்டுக்கிட்டு இருந்துச்சு. கிளைய உள்பக்கமா வளைச்சு மிதிச்சு, சின்னக் கிளைய மடக்குன்னு ஒடிச்சு மேல பரப்பி, கையால தட்டிப் பாத்துட்டு மறுபடி ஒண்ணு ஒடிச்சுது. தினமும் இப்படி புதுசா கட்டிக்குமாம். பத்து நிமிஷத்துல படுத்துருச்சு, ஒரு கை மட்டும் வெளிய தொங்குச்சு. நாங்க இருந்தத அது கண்டுக்கவே இல்ல. மத்தியானம் பாத்ததவிட இதுதான் எங்க எல்லாருக்கும் மனசுல நின்னுச்சு, என் மகனே சொன்னான்.

ராத்திரி சாப்பிட்டு உக்காந்திருந்தப்ப அந்தப் பையன்கிட்ட கேட்டேன், ஏன்பா சட்டம் சொல்லிட்டு நீங்களே பழம் கொடுக்கிறீங்கன்னு. "இபு (அம்மா), கிட்டத்துல பாக்கலன்னா சில பேரு டிப்ஸ் தரமாட்டாங்க, கம்பெனிக்கு புகார் பண்ணுவாங்க"ன்னான். அங்க 1973ல ஒரு மறுவாழ்வு நிலையம் ஆரம்பிச்சாங்க, வீட்டுல கூண்டுல அடைச்சு வச்சிருந்த ஓராங் ஊத்தான பறிமுதல் பண்ணி காட்டுக்கு பழக்கி விடறதுக்கு. அதுங்களும் அதுங்க வாரிசுகளும்தான் இப்ப அந்தப் பக்கம் மனுசன கண்டா பயப்படாம வருது. இத்தன வருஷ உழைப்ப ஒரு ஆரஞ்சு கெடுக்குது. அவன்மேலயும் எனக்கு கோபம் இல்ல. 2003 நவம்பர்ல அந்த ஆத்துல வெள்ளம் வந்து 200 பேருக்கு மேல செத்து ஊரே போயி, திரும்ப எழுந்து நிக்கறதுக்கு சுற்றுலாதான் கை கொடுத்துச்சு. அதனால போகாதீங்கன்னு நான் சொல்லல, கண்டிப்பா போங்க.

ஆனா காசு கட்றதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல கேளுங்க, பழம் கொடுத்து வரவழைப்பீங்களான்னு, மழுப்பினா வேற ஆள பாருங்க. கைடு லைசென்ஸ் அட்டைய காட்டச் சொல்லுங்க. ரொம்ப முக்கியம், நடக்க ஆரம்பிக்கும்போதே சொல்லிடுங்க, ஒண்ணும் கண்ணுல படாட்டியும் டிப்ஸ் உண்டு, சாப்பாடு மட்டும் கொடுக்க வேணாம்னு. ரெண்டாவது நாள் காலையில நாங்க அப்படித்தான் சொன்னோம், பெரியவரு முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது, அதுக்கப்புறம் பையத் திறக்கவே இல்ல. சளி புடிச்ச பிள்ளைய ரூம்ல விட்டுட்டுப் போங்க, நாங்க விடல, அது எங்க தப்பு. இங்க பினாங்கு தண்ணிமலை பூங்காவுல குரங்குக்கு கச்சான் கடலையும் வாழைப்பழமும் கொடுத்து கொடுத்து இப்ப அது கையில இருக்கிற பையப் பிடுங்குது, அத பாத்து வளர்ந்த நமக்கு இத யாரும் புதுசா சொல்லித் தர வேண்டியதில்ல.

ஆசிரியர் அவர்களே, காட்டுப் பயண விளம்பரம் போடும்போது பக்கத்துலயே ஒரு சின்னக் கட்டம் கட்டி இந்த விதிமுறைய போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும். அந்த ஆரஞ்சு படத்த நான் பேஸ்புக்ல போட்டிருந்தேன், எடுத்துட்டேன். அத பாத்துட்டு எந்த ஏஜென்ட்னு கேட்ட ரெண்டு குடும்பத்துக்கும் போன் பண்ணி நடந்தத சொல்லிட்டேன், இன்னும் யாரு யாரு பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது, அதான் உங்களுக்கு எழுதறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.