தருமபுரத்திலிருந்து பெரியவளுக்கு

அன்பு மகள்,

நாங்கள் சுகம். காலபோகம் வெட்டியாச்சு. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறது. சின்னவளுக்கு இருமல், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று ஞாயிறாக நீ போன் எடுக்கவில்லை. வேலை கூடவாக இருக்கும், சரி. குறை சொல்ல எழுதவில்லை.

போன கிழமை உன் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனேன். கடைப் பெடியனிடம், என் மகள் வெளிநாட்டில் இந்த வேலைதான் பார்க்கிறாள் என்று முதலே சொல்லிவிட்டேன். உடனே கதிரை தந்தான். நீ எத்தனை தரம் சொல்லியும் என் தலையில் ஏறாதது அவன் சொல்லி ஏறியது. கோபிக்காதே, நீ கெதியாகச் சொல்லுவாய்.

ராம் என்கிற கணினியின் தற்காலிக நினைவகம் வீதியில் பரப்பிய நெல். உடனே கைக்கு எட்டும், கிளறலாம், அள்ளலாம். ஆனால் கரண்ட் போனால் பெருமழை வந்த மாதிரி, அள்ளாதது போச்சு. ஹார்ட் டிஸ்க் வீட்டுக்குள் அடுக்கிய மூட்டை. எடுக்க நேரம் பிடிக்கும், கரண்ட் போனாலும் இருக்கும். "சேவ் பண்ணுங்கோ அப்பா" என்று நீ கத்தினதெல்லாம் மூட்டை கட்டச் சொல்லித்தான் என்று இப்போது விளங்குகிறது.

அந்தப் பெட்டிக்குள் தட்டு நிமிடத்துக்கு 5400 தரம், சிலதில் 7200 தரம் சுற்றுமாம். வாசிக்கிற முனை தட்டில் முட்டாமல், தலைமயிரை விட மெல்லிய இடைவெளியில் நிற்கும். ஓடும்போது இடித்தால் தட்டுக் கீறிப்போகும். எஸ்எஸ்டி என்கிற புது மாதிரி டிஸ்க்கில் சுற்றுகிற சாமானே இல்லை, அடி தாங்கும். ஆனால் அதுவும் ஒருநாள் சாகும். எதையும் இரண்டு கொப்பி வை, இரண்டு வீட்டில் வை.

புது டிஸ்க் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 500 ஜிபி, கணினியில் போட்டால் 465. சங்கக் கடையில் இருபத்தாறு வருடம் தராசு பிடித்தவனிடமா நிறை குறைக்கிறாய் என்று சத்தம் போட்டுவிட்டேன். டிஸ்க் செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, ஒரு பைட்டும் குறையவில்லை என்று பெடியன் தாளில் வகுத்துக் காட்டினான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிட் என்பது ஒரு பூச்சியம் அல்லது ஒன்று, எட்டு பிட் ஒரு பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழுக்கு மூன்று. புள்ளிக்கும் அரவுக்கும் (ா) தனியாக மும்மூன்று. அம்மா என்று எழுத 15 பைட். அம்மாவின் படம் ஒன்றுக்கு எத்தனை என்று கேட்டேன். லட்சக்கணக்கில் வரும் ஐயா என்றான்.

அழித்தது உடனே அழியாதாம். பதிவேட்டில் பெயரை வெட்டுவார்கள், மூட்டை அங்கேயே கிடக்கும், அந்த இடத்தில் வேறு மூட்டை ஏறும்வரை.

மகள், அந்தக் கணினியை ஃபோமட் பண்ணுவித்து எல்லாவற்றையும் அழித்தது நான்தான். மெதுவாக ஓடுகிறது என்று போன வருடம் வேறொருவனிடம் கொடுத்தேன். உள்ளே தேவையானது ஏதும் இருக்கா என்று அவன் கேட்டான். திறந்து பார்க்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒன்றுமில்லை என்றேன். நீ இரண்டு மாதம் இருந்து ஸ்கான் பண்ணிய குடும்பப் படங்கள் அத்தனையும் அதற்குள். பிறகு சின்னவளின் பெடியன் சினிமாவாக ஏற்றினான். அவனைப் பேசாதே. தை மாதம் நீ கேட்டபோது பத்திரம் என்றேனே, அப்போதும் எனக்குத் தெரியும். பெட்டியோடு ஆல்பங்களை விட்டுவந்ததற்கு 2009 ஐச் சொல்லலாம். இதற்கு யாரைச் சொல்ல?

கடைப் பெடியன் தேடிக் கொஞ்சம் எடுத்தான். மாமாவின் தலையும் தோளும் இருக்கு, கீழே வெறும் சாம்பல் நிறம். சுவிஸ் மாமி தன்னிடம் உள்ளதை மறுபடி அனுப்புகிறாளாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் மட்டும் அவளிடம் இல்லை. உன் போனில் கிடக்கிறதா, பார்த்துச் சொல். ஞாயிறு என்றில்லை, எந்த நேரமும் எடு.

அப்பா