250 மில்லி வேறு, 250 கிராம் வேறு: சமையல் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் சமையல் குறிப்பு எழுதுகிற, வீடியோ போடுகிற எல்லோருக்கும்,

வணக்கம். நான் ராயபுரத்தில் இருக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் போட்டோம். குறிப்பில் மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் 250 கிராம். எங்களிடம் தராசு கிடையாது. குறிப்பின் அடியிலேயே ‘1 கப் = 250 கிராம்’ என்று போட்டிருந்ததால் 250 மில்லி கப்பில் மைதா ஒன்று, சர்க்கரை ஒன்று அளந்தோம். வெண்ணெய், அரை கிலோ பாக்கெட்டில் சரிபாதி. கேக் நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் வெண்ணெய் கசிந்து வந்தது. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க எடுத்து வைத்த தட்டுகளைப் பார்த்து என் மகள் அழுதுவிட்டாள்.

250 மில்லி கப்பில் 250 கிராம் பிடிப்பது தண்ணீர்தான். சர்க்கரை 210 கிராம் அளவில் நிற்கும். மைதாவோ ஏறக்குறைய 130 கிராம்தான். அதையும் அழுத்தி நிரப்பினால் கூடும், சலித்துத் தூவினால் குறையும். எங்கள் கேக்கில் மாவு பாதிதான் விழுந்திருக்கிறது. எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: 1 லிட்டர், 910 கிராம் என்று இரண்டும் அச்சில் இருக்கும். ‘90 கிராம் அடிச்சிட்டான்’ என்று கடையில் சண்டைக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் அடிக்கவில்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அவ்வளவுதான்.

எங்கள் ஆயா தராசைத் தொட்டதே இல்லை. நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து, இரண்டும் தலைதட்டி. அந்த ஆழாக்கு எத்தனை மில்லி என்று அவர் யோசித்ததில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தார்; விகிதம் மாறவில்லை, இட்லியும் மாறவில்லை. ஒன்றைக் கிராமிலும் இன்னொன்றைக் கப்பிலும் எழுதும்போதுதான் அந்தக் கணக்கு உடைகிறது.

அதிலும் எந்தக் கப்? ரைஸ் குக்கரோடு வருவது 180 மில்லி. அமெரிக்கக் குறிப்புகளில் 240. கடையில் செட்டாக விற்பவற்றில் சில 240, சில 250. உப்பிலும் இதே சிக்கல். 5 மில்லி ஸ்பூனில் தூள் உப்பு சுமார் 6 கிராம் நிற்கும். கல் உப்பில் இடைவெளி அதிகம், அதனால் குறைவாகத்தான் நிற்கும். எந்த உப்பு என்று எழுதாவிட்டால் ஊறுகாய் போடுகிறவர் என்ன செய்வார்?

ஆகவே கேட்கிறேன்: கிராமில் எழுதினால் பக்கத்திலேயே கப் அளவையும் எழுதுங்கள். அந்தக் கப் எத்தனை மில்லி, தலைதட்டியா குவித்தா என்பதையும் சொல்லுங்கள். ஒரே அட்டவணையை மைதாவுக்கும் ரவைக்கும் சர்க்கரைக்கும் போடாதீர்கள். உங்களிடமே தராசு இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. பிரிக்காத ஒரு கிலோ பாக்கெட்டை வாங்கி, வீட்டு டம்ளரால் அளந்து பாருங்கள். எட்டு டம்ளர் வந்தால், அந்தப் பொருளுக்கு டம்ளர் ஒன்றுக்கு 125 கிராம். அப்படித்தான் இப்போது என் அலமாரிக் கதவின் உட்புறம் ஏழு பொருள்களுக்குக் கணக்கு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பழைய குறிப்புகளில் ‘1 கப் = 250 கிராம்’ என்று இருந்தால் தயவுசெய்து அக்டோபருக்குள் திருத்திவிடுங்கள். எங்கள் தெருவில் நவம்பரிலேயே கேக்குக்குப் பழம் ஊறப்போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி