தாடிக்குக் குண்டு பட்டது

அன்புள்ள வாத்தியாருக்கு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமென்று டாக்டர் சொன்னான். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் நம் ஆட்டம்தான் விஷயம். போன மாதம் நான் நடத்திய துப்பறியும் ஆட்டத்தில் நம் கூட்டாளி தாடியின் ஆள் துப்பாக்கி முனையில் நிற்கிறான். தாடி தன் பாத்திரத்தின் விவரத் தாளைப் பார்த்தான். "எனக்கு 42 உயிர்ப்புள்ளி. அவன் ஒரு தடவை சுட்டால் மிஞ்சிப்போனால் 12. மூணு குண்டை வாங்கிக்கிட்டே போய்க் கழுத்தைப் பிடிச்சிடுவேன்." அடிபட அடிபடப் புள்ளி குறையும், அது தீரும்வரை ஆள் விழமாட்டான். கணக்கு சரிதான், அந்த விதிப்படி யாராலும் மறுக்க முடியாது. எனக்கு ஆட்டமே வெறுத்துவிட்டது. டிராகன் கதையென்றால் சரி என்று விடலாம். இது இன்றைய நகரம், நம்மைப் போன்ற ஆட்கள்.

அன்றிலிருந்து விதி தேடும் வேலைதான். முதலில் நீ தலையில் தூக்கிவைத்து ஆடும் ஃபீனிக்ஸ் கமாண்ட் விதிப்புத்தகம். ஒரே ஒரு குண்டு எந்த உறுப்பில் நுழைந்தது என்று அட்டவணை புரட்டி முடிப்பதற்குள் டாக்டர் எழுந்து போய்விட்டான். உன் ரசனையை என்னவென்று சொல்ல! கர்ப்ஸ் என்ற இன்னொரு விதிப்புத்தகம் எவ்வளவோ மேல். சராசரி மனிதனுக்கு 10 புள்ளி, 9 மி.மீ. கைத்துப்பாக்கி சுட்டால் இரண்டு பகடையில் விழும் எண், கூட 2, அவ்வளவு புள்ளி குறையும். சராசரியாக 9 போகும், ஒரே குண்டில் ஆள் தள்ளாடுவான். நியாயம். ஆனால் அதில் ஒரு சுற்று என்பது ஒரு நொடி. பத்து நொடிச் சண்டைக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

அப்புறம்தான் டாக்டர் 1986 ஏப்ரல் 11, மயாமி சம்பவத்தைச் சொன்னான். இரண்டு கொள்ளையர், எட்டு எஃப்.பி.ஐ. ஆட்கள், ஐந்து நிமிடத்துக்குள் 140 குண்டுக்கு மேல். கொள்ளையரில் பிளாட் என்பவனுக்கு ஆரம்பத்திலேயே ஒரு குண்டு கையைத் துளைத்து நுரையீரலுக்குள் போய், இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றிருக்கிறது. பிழைப்பதே கடினமான காயம். அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். "இதயமே நின்னாலும் மூளைக்குப் பத்துப் பதினஞ்சு நொடி பிராணவாயு இருக்கும்" என்றான் டாக்டர்.

இரண்டு நாள் இதே நினைப்பாக இருந்தது. விழுவானா என்பது ஒரு கேள்வி, பிழைப்பானா என்பது வேறு கேள்வி. உயிர்ப்புள்ளி இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்புகிறது. அதனால் பிரித்துவிட்டேன். அடிபட்டதும் நூறு பக்கப் பகடையில் ஓர் உருட்டு: நிற்கிறானா, விழுகிறானா. காயத்தின் ஆழத்தை நான் மட்டும் குறித்துக்கொள்கிறேன். பிழைப்பது எப்படி என்பது சண்டை முடிந்த பிறகுதான். புள்ளியை ஆட்டக்காரனிடம் காட்டாத பழக்கம் 1998இல் வந்த அன்னோன் ஆர்மிஸ் என்ற ஆட்டத்திலேயே உண்டு. அதன் சண்டை அத்தியாயமே சண்டையைத் தவிர்க்க ஆறு வழியோடுதான் தொடங்கும். பிரமாதமான யோசனை.

ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தோம். தாடிக்குக் குண்டு பட்டது. எண் எதுவும் சொல்லவில்லை. "விலாவில் யாரோ ஓங்கிக் குத்தின மாதிரி இருக்கு. சட்டை ஈரமாகுது" என்றேன். அவன் பகடையைக் கீழே வைத்தான். கை தானாக விலாவுக்குப் போனது, வாத்தியாரே. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்: "சரணடைய விதி இருக்கா?"

இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் பழைய போர் விளையாட்டு நோட்டில், நீல அட்டை போட்டதில், எந்தப் படை எப்போது நிலைகுலைந்து ஓடும் என்று ஒரு மன உறுதிப் பட்டியல் இருந்ததே? அதை இரண்டு மூன்று பேர் மோதும் சண்டைக்குச் சுருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். எதிராளிகளும் பயந்து ஓட வேண்டும், கையைத் தூக்க வேண்டும்.

வருகிற ஞாயிறுக்குள் படம் எடுத்து அனுப்பிவிடு. தாடியின் ஆள் இன்னும் காருக்குப் பின்னால் ரத்தம் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருக்கிறான். தாடி தினமும் போன் பண்ணி எவ்வளவு ஆழம் என்று கேட்கிறான். நான் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் குட்டை